ஏறப்போகிறவர் பெயர்

எனக்குப் பயந்த சுபாவம் என்று யாரும் சொன்னதில்லை. வாயாடி என்று சொல்லியிருக்கிறார்கள். முன்கோபி என்று அம்மாவே ஊரெல்லாம் சொல்லுவாள். தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் ஆம்பளைகள் சத்தம் போடுவார்கள், கம்பை எடுப்பவள் நானாக இருப்பேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு காகித விமானத்துக்குப் பயந்து ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு என் இடத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், செமோர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா, நான், தங்கை மூன்று பேரும் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் ஒரு பலகை வீட்டில் ஒண்டிக்கொண்டோம். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலைக்குப் போனாள். எனக்குத் தையல் தெரியும். ஆனால் எனக்குக் கிடைத்தது டவுனில் ஒரு சீனர் கடை. சாவுக்குக் காகித வீடும் காகிதக் காரும் செய்கிற கடை. இறந்தவருக்கு வேண்டியதையெல்லாம் மூங்கிலிலும் காகிதத்திலும் செய்து எரிப்பார்கள். எரித்தால் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மாவுக்கு அந்த வேலை துளிகூடப் பிடிக்கவில்லை. சாயந்திரம் நான் வந்தால் பைப்படியிலேயே நிறுத்திக் குளிக்க வைத்துத்தான் வீட்டுக்குள் விடுவாள்.

தங்கைதான் எங்கள் வீட்டில் படித்தவள். விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டு, கடைசியில் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டாள். கப்பலேறி வந்த தாத்தாவோடு எங்கள் குடும்பத்தின் பயணமெல்லாம் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு பக்கத்து ஊர் தாப்பாவைத் தாண்டிப் போனவர்கள் கிடையாது. அந்த வீட்டிலிருந்து ஒருத்தி விமானத்தில் ஏறப்போகிறாள். தெரு முழுக்க அதே பேச்சு. என் தங்கைக்குப் பெயரே போய், 'ஏறப்போற பொண்ணு' என்று ஆகிவிட்டது.

அவள் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கடைக்கு அந்த ஆர்டர் வந்தது. ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார். ஒரு தடவையாவது விமானத்தில் போகவேண்டும் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவராம். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் விடவே இல்லையாம். ஆறாம் நாள் எடுக்கிறோம், அதற்குள் ஒரு விமானம் வேண்டும் என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

எங்கள் கடை முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். வீடு, கார், கட்டில், பெட்டி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். விமானம் செய்ததில்லை. முதலில் தாளில் ஒன்று வரைந்தார். அது கெளுத்தி மீன் மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி. உள்ளே துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் விமானம். நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். அசலில் நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது ஜாக்கெட் அளவுதானே! முதலில் சின்னதைச் சேர்ப்போம், அதை டேப் வைத்து அளந்து எல்லாவற்றையும் ஐந்து மடங்காக்கினால் எட்டடி விமானம் வந்துவிடும் என்றேன். தவுக்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று முதல் அந்த வேலைக்கு நான்தான் முதலாளி.

ஒரு பகல் முழுக்க இருவரும் சின்ன விமானத்தோடு உட்கார்ந்தோம். இறக்கையை ஒட்டினால் வால் கழன்றது. வாலைப் பிடித்தால் சக்கரத்தைக் காணோம். தவுக்கே நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, சன்னமான கோட்டு ஸ்டிக்கரைத் தண்ணீரில் நனைத்து ஒட்டுவார். அது முடிந்ததும் பெரியது. மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, கஞ்சிப் பசை தடவி, வெள்ளிக் காகிதம் போர்த்தினோம். நான்கு இஞ்சினுக்கும் பால் டின்னைச் சுற்றிக் காகிதம் உருட்டினேன். கடைக் கதவு குறுகல், இறக்கையோடு வெளியே போகாது என்று எனக்குத்தான் தோன்றியது. சட்டைக் கை தைப்பது மாதிரி இறக்கையைத் தனியாகச் செய்து, வெளியே போனபின் மாட்டிக்கொள்ளும்படி வைத்தேன். ஐந்தாம் நாள் சாயந்திரம் அதை நடுக்கூடத்தில் நிறுத்திப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. சாவுச் சாமான் என்பதே மறந்துவிட்டது.

ஒட்டும்போது பேச்சோடு பேச்சாக என் தங்கை விஷயத்தைத் தவுக்கேயிடம் சொல்லியிருந்தேன். வேலை முடிந்ததும் அந்தச் சின்ன விமானத்தை உன் தங்கைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

ஆறாம் நாள் காலையில் கடையில் ஒரே பரபரப்பு. லாரி வரப்போகிறது. தவுக்கே மேசை மேல் ஒரு செய்தித்தாளை விரித்தார். டிக்கெட் மாதிரி நறுக்கிய ஓர் அட்டையை அதன்மேல் வைத்தார். அவருக்குச் சீன எழுத்துதான் தெரியும். ஆங்கில எழுத்தென்றால் நான்தான் எழுதித் தர வேண்டும். "துலிஸ் நாமா. ஓராங் மாவ் நாய்க்" என்று சொல்லிவிட்டு ஓடினார். பெயரை எழுது, ஏறப்போகிற ஆளுடைய பெயரை.

ஏறப்போகிற ஆள். எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், ஏறப்போகிற ஆள் என்றால் யார்? ஐயோ, இந்த மனுஷன் சின்ன விமானத்தோடு டிக்கெட்டும் சேர்த்துக் கொடுக்கிறாரே என்று பூரித்துப்போனேன். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துப் பிசகாமல், தங்கையின் பெயரை எழுதினேன். ஈப்போவிலிருந்து லண்டன் என்று எழுதினேன். கீழே ஒரு பூவும் போட்டேன். மை காயட்டும் என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பசைச் சட்டி கழுவினேன்.

கழுவிவிட்டு வந்தால் லாரி போய்விட்டது. சின்ன விமானம் அலமாரியில் இருந்தது. டிக்கெட்டைக் காணோம். எங்கே என்று தவுக்கேயைக் கேட்டேன். "கதவுல ஒட்டியாச்சு" என்று மலாயில் சொல்லி, லாரி போன திசையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையில் செய்தித்தாள் அப்படியே விரித்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்குள் அந்தப் பெரியவரின் படம், கீழே ஆங்கில எழுத்தில் அவர் பெயர். அதைப் பார்த்து எழுதத்தான் விரித்து வைத்திருக்கிறார். நான் பசை ஒட்டாமல் இருக்க விரித்தது என்று நினைத்துவிட்டேன்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என் வாயே சொன்னது.

கடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். இடுகாடு மேட்டில் இருக்கிறது. ஏற முடியாமல் பாதியில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நல்ல வெயில். கறுப்பும் சாக்குத்துணியும் போர்த்தியவர்கள் கூட்டமாக நின்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வீடு எரிந்து முடிந்து, விமானத்தில் நெருப்பு வைத்திருந்தார்கள். நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அழுதுகொண்டு நிற்கிற குடும்பத்திடம் போய் நான் என்னவென்று சொல்வது? வால் முதலில் போயிற்று. நான் கட்டிய மூங்கில் விலா ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கதவில் அந்த அட்டை. என் கையெழுத்து, என் பூ. அது சுருண்டு பழுப்பாகிக் கறுப்பாகி உதிர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தங்கச்சியை நானே என் கையால் ஏற்றி அனுப்பிவிட்டேன். அதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

கடைக்குத் திரும்பி வந்து தவுக்கேயிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் ஒன்றும் ஆகாது போ என்பார். அவர் சிரிக்கவில்லை. வாயில் இருந்த சிகரெட்டை எடுத்தார். உயிரோடு இருக்கிற ஆள் பெயரா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து போய் சாமி மாடத்தில் ஊதுபத்தி கொளுத்தினார். முப்பது வருஷமாகச் செத்தவர்களுக்கு வீடு கட்டி அனுப்புகிற மனுஷன். அவரே மூன்று தடவை குனிந்து கும்பிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். அந்தக் குடும்பம் கேட்டால் என்ன ஆவது என்று அவருக்கு ஒரு பயம். எனக்கு வேறு பயம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அன்று சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தோம்.

அன்றிலிருந்து ஒன்பது நாள்.

தங்கை தும்மினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் வாசலிலேயே நிற்பேன். ஈப்போ விமான நிலையத்திலிருந்து கிளம்புகிற சின்ன விமானம் எங்கள் கூரைக்கு மேலேதான் போகும். அதுவரை அதை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள், இப்போது சத்தம் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அது மறைகிற வரைக்கும் கையைப் பிசைவேன். கோயிலுக்கு ஓடினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். பாதி வழி வந்தபின், எரிந்தது பாஸ்போர்ட் பெயராச்சே, சாமி ஆள் மாறிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பகீரென்றது. திரும்பிப் போய் அந்தப் பெயருக்கும் ஓர் அர்ச்சனை. ஐயர், "என்னம்மா, வீட்டுல எத்தன தங்கச்சி?" என்று கேட்டார். ஒருத்திதான் சாமி என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தச் சின்ன விமானத்தை என்ன செய்வது என்று தெரியாமல், துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். தங்கை கண்ணில் பட்டுவிட்டது. "அக்கா, எனக்கா? சொல்லவே இல்லலா நீ!" என்று குதித்தாள். அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினாள். ஊய்ங் என்று சத்தம் போட்டு மேலே ஏற்றுவாள், சர்ரென்று தரைக்கு இறக்குவாள். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். அது தரையை நோக்கி வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. போய் அவள் கையில் ஓங்கி அடித்தேன். விமானம் விழுந்து ஒரு இறக்கை முறிந்தது.

இறக்கை முறிந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஒனக்குப் பொறாமையாக்கா?" என்று கேட்டாள்.

போகாதே என்று அப்போதே கெஞ்சினேன். இங்கேயே ஏதாவது வேலை பார்க்கலாம், அடுத்த வருஷம் போகலாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் விமானத்தில் அவள் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பயத்தோடு அல்லவா உட்கார்ந்திருப்பாள்? அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். இந்த வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் கிடையாது. இவள் போனால்தான் பிழைப்பாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். போனால் செத்துப்போவாள் என்பதும் எனக்கு அதே அளவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். அரிசி டின்னில் அடிவரைக்கும் கையை விட்டுப் புதைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் வீடு தலைகீழானது. பெட்டியைக் கவிழ்த்தாள். மெத்தையைப் புரட்டினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், வெட்கம் கெட்டவள். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் ரிப்போர்ட் செய்ய வேண்டும், செய்துவிட்டால் பழையது செல்லாது, புதியது வர எத்தனை வாரமோ, அதற்குள் அங்கே இடம் போய்விடும். எல்லாம் தெரிந்தும், வேறு வழியில்லாமல், பக்கத்து வீட்டு அண்ணனிடம் சைக்கிள் கேட்கப் போனாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். அவள் படிதாண்டிய பிறகு நான் சமையல்கட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அப்பாடா என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மா உலை வைக்க அரிசி டின்னைத் திறந்தாள். அளக்கிற டப்பா எதிலோ இடித்தது. கையை விட்டு எடுத்தாள். பாஸ்போர்ட்.

அம்மா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. "எதுக்குடி?" என்றாள். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். விமானம், டிக்கெட், செய்தித்தாள், இடுகாடு, தவுக்கே கொளுத்திய ஊதுபத்தி, எல்லாவற்றையும் கொட்டினேன். என் தங்கச்சிய நானே பொணத்தோட ஏத்தி அனுப்பிட்டேம்மா என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பேர எழுதுன?" என்று அம்மா கேட்டாள்.

"இதுல இருக்குற பேருதாம்மா. அப்படியே எழுதுனேன்."

அம்மா பாஸ்போர்ட்டைத் திறந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இது அவ பேரு இல்ல" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், பத்திரத்தில் வேறு பெயர், வயசு வேறு இரண்டு வருஷம் கூட. தோட்டத்து ஆபீஸ் கிராணி தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் சின்ன வயசிலிருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"ஒனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு பொண்ணு பொறந்துச்சு. மூணு மாசம் இருந்துச்சு. காய்ச்சல்ல போயிருச்சு. அதுக்கு வெச்ச பேரு இது. பொறந்தத கிராணிகிட்ட பதிஞ்சோம், செத்தத யாரு போயி பதியிறது? பொறவு ஒந்தங்கச்சி பொறந்தா. பதியிற நாளு தவறிப்போச்சு. அதான் வீட்டுல ஒரு சூராட் சும்மா கெடக்கே, அதையே இவளுக்கு வெச்சுக்கன்னு கிராணி சொல்லிட்டாரு."

சூராட் என்றால் பிறப்புப் பத்திரம். நான் அம்மாவின் காலை விட்டேன்.

"கைப்புள்ளைக்கு ஒன்னும் செய்யக்கூடாதுன்னுட்டாங்க. கருமாதி இல்ல, படையல் இல்ல. ரப்பர் மரத்தடியில பொதச்சோம். அதோட சரி. இப்ப அங்க வீடு கட்டுறான்." அம்மா இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட இதைப் பேசினதில்லை. இப்போதும் அழவில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே பேசினாள். "அதுக்குன்னு யாரும் ஒரு முட்டாய்கூட வெச்சதில்ல."

உலைத்தண்ணீர் கொதித்தது.

"பெரிய கப்பலா அது?" என்று கேட்டாள். அம்மாவுக்கு விமானமும் கப்பல்தான்.

"எட்டடிம்மா."

"நல்லா செஞ்சிருந்தியா?"

"நல்லாத்தான் செஞ்சேன்."

"புள்ள தனியாவா போச்சு?"

"இல்லம்மா. ஒரு பெரியவரு கூடப் போனாரு. அவருக்காகத்தான் செஞ்சதே."

"மனுசன் எப்படி?"

"தெரியலம்மா. நெறைய பேரு அழுதாங்க."

அம்மா தலையை ஆட்டினாள். "அப்ப பாத்துக்குவாரு" என்றாள். பிறகு பாஸ்போர்ட்டை என் கையில் திணித்தாள். "ஓடுடி. ஸ்டேசன்ல எழுதிக் குடுக்குறதுக்குள்ள அவளப் புடி."

எழுந்து ஓடினேன்.